ஏழு பேர்ச்சில் அடங்காத உரிமை

இலங்கையின் மலையகத்தைப் பற்றி இன்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும், தோட்டக் கம்பனிகளும் உதவி நிறுவனங்களும் ஒரே குரலில் சொல்லும் கருத்து ஒன்று உண்டு. லயன் எனும் வரிசைக் குடியிருப்புகளை உடைத்து, ஒவ்வொரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கும் ஏழு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோ காணி ஒதுக்கி, அதில் ஒரு தனி வீட்டைக் கட்டி, கையில் ஒரு பத்திரத்தையும் கொடுத்துவிட்டால் இந்த மக்களுக்கு நாடு பட்ட கடன் தீர்ந்துவிடும் என்பது அந்தக் கருத்து. தன் காலத்தில் எத்தனை வீடு எழுந்தது என்று ஓர் அமைச்சர் கணக்குக் காட்டுகிறார். அவர் கட்டாமல் விட்டது எத்தனை என்று அடுத்தவர் குற்றம் சாட்டுகிறார். சண்டை எண்ணிக்கையைப் பற்றியது மட்டுமே. அடிப்படையில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. நான் மறுக்க வந்தது அந்த அடிப்படையையே.

லயன் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, ஓட்டை விழுந்த தகரக் கூரை, நூறாண்டைக் கடந்த சுவர், பல குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு பீலி. அந்த ஒரு காம்பராவுக்குள் தாத்தாவும் பாட்டியும், மகனும் மருமகளும், வயதுக்கு வந்த பேத்தியும் ஒன்றாகப் படுத்தெழும்ப வேண்டும். தொங்கல் காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் எரித்துவிட்டுத்தான் அடங்குகிறது. இந்த வாழ்க்கையை விட்டுத் தனி வீட்டுக்குப் போன குடும்பத்தின் மகிழ்ச்சி உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எவருக்கும் தகுதியில்லை. ஆனால் அந்த வீட்டோடு உரிமையும் வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

எங்கள் மக்களின் குறை வீடில்லாக் குறையாக வெளியில் தெரிகிறது. அதன் வேர் நிலமில்லாக் குறை. நிலத்தைத் தொடாமல் வீட்டை மட்டும் கொடுக்கும் திட்டம், எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், தொழிலாளியைத் தோட்டத்தின் குடியிருப்பாளராகவே வைத்திருக்கும். மலையகத்துக்கு இனி வேண்டியது நிலச் சீர்திருத்தம். வீட்டுத் திட்டம் அதன் ஒரு பகுதியாக இருக்கலாமே தவிர, அதற்குப் பதிலாக முடியாது.

இந்த நிலமின்மை இயற்கையாக வந்ததல்ல, சட்டம் போட்டு உண்டாக்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் மலைநாட்டுக் காடுகளையும் மேட்டு நிலங்களையும் பிரித்தானிய முடி தனதாக்கிக்கொண்டு கோப்பித் துரைமாருக்கு விற்றது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நடந்தே வந்த தமிழ்க் கூலிகள் அந்தக் காட்டை வெட்டினார்கள். கோப்பி நோயில் அழிந்த பிறகு அதே கைகள் தேயிலையை நட்டன. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கு பிரிக்கப்பட்டார்கள்; மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பாதி பாதியாகப் பிரிப்பதற்கு 1974 வரை ஆனது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை தீர 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

குடியுரிமை பறிபோன வரலாற்றை எல்லோரும் பேசுகிறார்கள். அந்த ஆண்டுகளில் இலங்கை அரசு வேறென்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது நிலமற்ற குடியானவர்களுக்கு அரச காணியைப் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது. மின்னேரியா, 1949இலிருந்து கல்லோயா, பிறகு மகாவலி என்று குடியேற்றத் திட்டங்கள் வரிசையாக வந்தன. மகாவலியில் குடியேறிய குடும்பம் ஒன்றுக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுத் தோட்டமும் கிடைத்தன. நிலமற்ற ஏழைக்கு நிலம் கொடுப்பது இந்த நாட்டில் புதுமையான எண்ணமே அல்ல. சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையின் மிகப் பெரிய சமூகக் கொள்கை அதுதான். அந்த வாசல் அகலத் திறந்திருந்த காலமெல்லாம் எங்கள் மக்கள் நாடற்றவர்களாக வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். உள்ளே வர அனுமதி கிடைத்தபோது பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.

தோட்டங்களிலேயே நிலம் கை மாறிய காலமும் ஒன்று உண்டு. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. உலகத்தில் வேறெங்கும் நிலச் சீர்திருத்தம் என்றால் உழுபவனுக்கு நிலம் என்று பொருள்படும். இங்கோ உழைத்தவர்கள் பட்டினியும் விரட்டலும் கண்டார்கள். நுவரெலியா மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க முயன்றபோது தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்து இளைஞர் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அவர் உயிரைக் கொடுத்தது மண்ணுக்காக. மலையகத்தின் கோரிக்கை வீடு மட்டும்தான் என்று இன்று சொல்பவர்கள் அந்த வரலாற்றை மறைக்கிறார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 2023இல் நடந்த நடைபயணமும் காணியுரிமையைக் கேட்டே நடந்தது.

இனி, கொடுக்கப்படுவது என்ன என்று பார்ப்போம். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இதில் 550 சதுர அடி வீடும், மலசலகூடக் குழியும், மண்ணைத் தாங்கும் பக்கச் சுவரும், நடைபாதையும் போனால் மிஞ்சுவது நாலு பாத்தி கோவா போடும் இடம். மகாவலிக் குடும்பத்தின் வீட்டுத் தோட்டம் மட்டுமே 80 பேர்ச். எங்களுடையதைவிடப் பதினொரு மடங்குக்கு மேல். அந்த மக்களுக்குக் கிடைத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை. ஒரே நாட்டின் ஒரே அரசு, நிலமற்ற இரு பிரிவினரை இரண்டு அளவுகோலால் அளந்திருக்கிறது என்கிறேன்.

ஏழு பேர்ச்சில் இன்னொரு கேடும் இருக்கிறது. அது ஒரு தலைமுறைக்கு மட்டுமே காணும். இன்று அந்த வீட்டுக்குப் போகும் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள் என்றால், இருபது ஆண்டில் அவர்களுக்கும் குடும்பம் ஆகும். பக்கத்தில் கட்ட நிலம் இருக்காது. மேலே மாடி எழுப்ப அத்திவாரம் தாங்காது. இஸ்தோப்பை மறைத்து ஒரு காம்பரா, பின்னால் தகரம் அடித்து இன்னொரு காம்பரா என்று அந்த வீடு மீண்டும் லயனாகும். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை நெருக்கியடித்த கதை தனி வீட்டுக்குள் திரும்பவும் நடக்கும். அப்போது இன்னோர் அமைச்சர் வந்து இன்னோர் ஏழு பேர்ச்சுக்கு அடிக்கல் நாட்டுவார்.

அடுத்தது பத்திரம். தொண்ணூறுகளில் தொடங்கிய ஏழு பேர்ச் வீட்டுத் திட்டத்தில் பலர் கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கடன் எடுத்து, சம்பளத்தில் மாதாமாதம் கழிக்க விட்டு, தாங்களே கல் சுமந்து வீடு கட்டினார்கள். கடன் அடைந்த பிறகும் காணிப் பதிவகத்தில் தங்கள் பெயர் ஏறாத குடும்பங்கள் பல. 2015க்குப் பின் ‘பசுமை பூமி’ என்ற பெயரில் உறுதிகள் கொடுக்கத் தொடங்கினார்கள். 2018இன் 32ஆம் இலக்கச் சட்டம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென்று ஓர் அதிகார சபையையும் உருவாக்கியது. 2025 அக்டோபரில் பண்டாரவளையில் ஏறத்தாழ 2,000 பயனாளிகளுக்கு சனாதிபதி பத்திரம் வழங்கினார். இவையெல்லாம் நல்ல அடிகளே. ஆனால் மேடையில் வாங்கிய பத்திரம் நில அளவை முடிந்து, எல்லைக் கல் நாட்டி, பதிவகத்தில் பதிந்த உறுதியாக இருக்க வேண்டும். அதை வைத்து வங்கியில் கடன் எடுக்கவும், பிள்ளைக்கு எழுதி வைக்கவும், துரையின் கையெழுத்தில்லாமல் இன்னோர் அறை கட்டவும் முடிய வேண்டும். முடியாவிட்டால் அது வாக்குறுதிதான், உறுதி அல்ல.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், தோட்டத்தில் கூரை வேலையோடு கட்டப்பட்டிருப்பதே. பேர் பதிந்தவருக்குத்தான் காம்பரா. பென்சனுக்குப் போனவரும், கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனும் நிர்வாகத்தின் தயவில் இருக்கிறார்கள். கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குப் போய்த்தான் கைக்கு வருகிறது. 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் எழுப்பியிருந்த தற்காலிக வீட்டை உதவி முகாமையாளர் ஒருவர் உடைத்த காட்சியை நாடே பார்த்தது. பாராளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. அமைச்சர் நேரில் போனார். ஒரு தனி மனிதனின் ஆணவம் என்று அதை எல்லோரும் கண்டித்தார்கள். அவருக்கு அந்தத் துணிவைக் கொடுத்தது, அந்தக் குடும்பம் காலூன்றியிருந்த மண்ணில் அதற்கு எந்த உரிமையும் எழுதப்படவில்லை என்ற நிலை. அந்த நிலை இருக்கும் வரை ஒரு முகாமையாளர் போனால் இன்னொருவர் வருவார்.

கடல் கடந்து திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையைப் பாருங்கள். 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது என்பதால் 2024இல் கம்பனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. நாலு தலைமுறையாக அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டார்கள். அவர்கள் குடியிருந்தவை உறுதியான வீடுகள்தாம். பள்ளிக்கூடமும் கோயிலும் இருந்தன. காலுக்குக் கீழே நிலம் அவர்களுடையதாக இல்லை. குத்தகை முடியும் முன்பே ஊர் முடிந்தது. இலங்கையில் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட தோட்டங்களின் 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிகிறது. அன்று எங்கள் ஊர்களின் கதி என்ன என்பதற்கு எந்த வீட்டுத் திட்டத்திலும் பதில் எழுதப்படவில்லை.

நிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டை மட்டும் கட்டுவதும் நடக்கிற காரியம் அல்ல என்பதற்கு இந்திய வீட்டுத் திட்டமே சாட்சி. 2010இல் அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கு. 4,000 மலையகத்தின் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு. வடக்கு கிழக்கில் மக்களுக்குச் சொந்தக் காணி இருந்தது. பணத்தை அவர்கள் கையில் கொடுத்தார்கள், அவர்கள் கட்டிக்கொண்டார்கள். அங்கே வேலை முடியும் தறுவாயில்தான் மலையகத்தில் தொடங்கியது. பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் கொண்ட மகாத்மா காந்திபுரம் திறக்கப்பட 2018 ஆகஸ்ட் ஆயிற்று. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றின் முதற்கட்ட வேலையைத் தொடங்கி வைத்தது 2024 பெப்ரவரியில். ஏழாண்டு தாமதத்துக்குப் பணப் பெறுமதி வீழ்ச்சி, ஆட்சி மாற்றம், கொரோனா என்று பல காரணங்கள் சொல்வார்கள். அத்தனைக்கும் அடியில் மாறாமல் கிடந்த முடிச்சு ஒன்று: ஒவ்வொரு துண்டு நிலத்தையும் கம்பனியிடமிருந்து கேட்டு விடுவிக்க வேண்டும். பல தோட்டங்களில் கடைசியில் விடுவிப்பது பாறையும் சரிவுமான ஓரம். பிறகு அங்கே பாதையும் தண்ணீரும் இல்லை என்று இன்னொரு மனு எழுத வேண்டும்.

தொழிலாளருக்கு நிலம் கொடுப்பதற்கு எதிராக நான்கு வாதங்களை முன்வைக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: நிலத்தைப் பிரித்தால் தேயிலை அழியும், நாட்டின் அந்நியச் செலாவணி போகும். இதைச் சொல்பவர்கள் இலங்கைத் தேயிலையை இன்று யார் விளைவிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாட்டின் உற்பத்தியில் 70 சதவீதத்துக்கு மேல் சிறு தேயிலைத் தோட்ட உடைமையாளர்களின் நிலத்திலிருந்து வருகிறது. இரத்தினபுரியிலும் காலியிலும் மாத்தறையிலும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் கொழுந்தைப் பறித்துத் தொழிற்சாலைக்கு நிறுத்துக் கொடுக்கின்றன. அவர்களுக்கென்று 1975இல் இருந்து தனிச் சட்டமும், உர மானியமும், ஆலோசகர்களும் உண்டு. சிறு நிலம் தேயிலையைக் கொல்லும் என்பது உண்மையானால் இலங்கைத் தேயிலை எப்போதோ செத்திருக்கும். உயர்நிலத் தேயிலை வேறு, அதற்குப் பெருந்தோட்டமே பொருந்தும் என்று மறுப்பார்கள். உயரத்துக்கேற்ப விளைச்சலும் தரமும் மாறுபடுவது உண்மை. ஆனால் அந்த உயர்நிலத் தேயிலையைப் பறிக்கும் கையும், கவ்வாத்து வெட்டும் கையும், எந்த மலையில் எப்போது கொழுந்து முற்றும் என்று அறிந்த கண்ணும் தொழிலாளியுடையவை. கம்பனிகளே இன்று இந்த உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டன. தொழிலாளருக்குச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, அவர்களே பராமரித்துப் பறித்துத் தர, கொழுந்தின் விலையில் பங்கு கொடுக்கும் முறையை அவை பரிந்துரைக்கின்றன. மேற்பார்வையில்லாமல் செடியைக் காக்கத் தொழிலாளியால் முடியும் என்றால், அந்தச் செடி நிற்கும் நிலத்தையும் அவரால் காக்க முடியும்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை இலட்சம் தோட்டக் குடும்பங்களுக்கு, நான் கேட்பதுபோல, இருபது பேர்ச் வீதம் கொடுத்தால் 18,750 ஏக்கர் ஆகும். நாட்டின் தேயிலை நிலமோ ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஏக்கர். நூற்றுக்கு நாலு பங்கு கூட இல்லை. மகிந்த ராஜபக்ச ஆட்சியின் வரவுசெலவுத் திட்டம் ஒன்றில், கம்பனிகள் பயிரிடாமல் விட்ட 37,000 ஏக்கரை மீட்டுச் சிறு தோட்ட உடைமையாளருக்குப் பகிர்ந்து கொடுக்கப் போவதாக அறிவித்தார்கள். எங்கள் இருபது பேர்ச்சுக்கு வேண்டியதைப்போல அது ஏறத்தாழ இரு மடங்கு. கொடுக்க நிலம் இருக்கிறது என்று அரசே சொன்ன பிறகு, தோட்டத் தொழிலாளி கேட்கும்போது மட்டும் நிலமில்லை என்பது எப்படி? மஸ்கெலியாப் பக்கமும் அக்கரப்பத்தனைப் பக்கமும் மானாப்புல் மூடிக் காடாகிப்போன மலைகளைத் தொழிலாளர்கள் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள். தேயிலை அங்கே தொழிலாளியால் அழியவில்லை.

இரண்டாவது வாதம்: கையில் உறுதி கிடைத்தால் விற்றுக் குடித்துவிடுவார்கள், வெளியார் வந்து வாங்கிவிடுவார்கள். இது எங்கள் மக்களைப் பற்றி மிக நீண்ட காலமாகச் சொல்லப்படும் அவமதிப்பு. துரைமார் சொன்னதை இன்று எங்கள் தலைவர்கள் சிலரும் சொல்வது வேதனை. கடன் நெருக்கியவர் நிலத்தை விற்பது எந்த ஊரிலும் நடக்கும். அதற்காக எந்த ஊருக்கும் நிலவுரிமை மறுக்கப்படவில்லை. 1935இன் சட்டம் குடியானவர் விற்பதையும் ஈடு வைப்பதையும் கட்டுப்படுத்தியது. அந்தக் கட்டுப்பாட்டோடுதான் நிலத்தைக் கொடுத்தது. அந்தக் கட்டுப்பாடுகூட அநீதி என்று சொல்லி, 2024இல் ‘உறுமய’ திட்டம் அந்த அனுமதிப்பத்திரங்களை முழு உரித்தாக மாற்றத் தொடங்கியது. எங்கள் மக்களிடம் மாற்றுவதற்கு அனுமதிப்பத்திரமே இல்லை. வெளியார் வாங்குவார்கள் என்ற அச்சம் உண்மையானால் அதற்குச் சட்டத்தில் வழி உண்டு: குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கத் தடை வைக்கலாம், விற்றால் அதே தோட்டத்துச் சமூகத்துக்கு முதலுரிமை என்று எழுதலாம். எல்லாவற்றையும்விட நல்ல காவல், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதுவது. கொழுந்துக் கூடையைச் சுமப்பவள் பெண். அவள் கையெழுத்தில்லாமல் அந்த நிலம் கை மாறக் கூடாது. காணி அபிவிருத்திச் சட்டத்தில் ஆண் வாரிசுக்கு இருந்த முன்னுரிமையை நீக்க நாட்டுக்கு 2022 வரை ஆனது. எங்கள் உறுதிகள் அந்தத் தவறோடு பிறக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம்: நிலம் கிடைத்தால் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். ஆழ்ந்து பார்த்தால் மற்ற எல்லா வாதங்களுக்கும் உயிர்நாடி இதுதான். வேலைக்கு வருவதற்காகவே நிலமற்றவராக வைத்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அடிமைமுறையை ஒழித்த நாடுகளிலெல்லாம் தோட்ட முதலாளிகள் இதைச் சொன்னார்கள். உண்மை வேறு மாதிரி. பெரு நாட்டில் 1996க்கும் 2003க்கும் இடையில் நகர்ப்புற ஏழைக் குடும்பங்கள் பன்னிரண்டு இலட்சத்துக்கு வீட்டு மனை உறுதி கொடுத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, உறுதி பெற்ற வீட்டார் வெளியில் அதிக நேரம் வேலை செய்தது தெரிந்தது. வீட்டைக் காவல் காக்க ஒருவர் உள்ளே இருக்க வேண்டிய அச்சம் போனதே காரணம். பிள்ளைகள் வேலைக்குப் போவதும் குறைந்தது. எங்கள் இளைஞர்களோ நிலம் கிடைக்காமலேயே தோட்டத்தை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று நாட்சம்பளத்துக்காக ஒவ்வொரு முறையும் தெருவில் நின்று மாரடிக்கும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை மலைக்கு ஏன் போகும்? சொந்தச் செடியும் நியாயமான கொழுந்து விலையும் இருந்தால் போக யோசிக்கும்.

நான்காவது வாதம் அன்பின் மொழியில் வருகிறது: கம்பனி இத்தனை காலம் இலவசமாக வீடும் தண்ணீரும் பிள்ளைக்காம்பராவும் கொடுத்தது, அரசும் இந்தியாவும் இலவசமாக வீடு கட்டுகின்றன, நன்றியோடு இருக்க வேண்டாமா? சம்பளப் பேச்சுவார்த்தையில் இதே கம்பனிகள் லயனையும் பிள்ளைக்காம்பராவையும் சம்பளத்தின் பகுதியாகக் கணக்குக் காட்டுகின்றன. கூலியில் கழித்துக்கொண்ட ஒன்று இலவசமாகாது. நூற்றைம்பது ஆண்டு தேயிலை ஏற்றுமதியால் ரயில் பாதையும் துறைமுகமும் கொழும்பு நகரமும் எழுந்தன. அந்தத் தேயிலையை விளைவித்த மக்களுக்கு இருபது பேர்ச் நிலம் கொடுப்பது தர்மம் அல்ல, நிலுவை.

இந்தியாவின் தேயிலை மாநிலங்களிலும் இந்த வாதம் நடந்துகொண்டிருக்கிறது. மேற்கு வங்க அரசு தோட்டத் தொழிலாளருக்கு வீடு கட்டும் திட்டத்தை 2020இல் கொண்டுவந்தது. பிறகு குடும்பத்துக்கு ஐந்து டெசிமல் நிலப் பட்டா என்றது; நம் அளவில் அது எட்டுப் பேர்ச். டார்ஜிலிங் மலையில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். ‘பரம்பரையாக நாங்கள் காய்கறி போட்டு, மாடு கட்டி, ஆண்டுவரும் நிலம் இதைவிடப் பெரிது. அதற்கே பட்டா கொடுங்கள், எட்டுப் பேர்ச்சுக்குள் எங்களைச் சுருக்காதீர்கள்’ என்றார்கள். எங்கள் தொழிற்சங்கங்கள் கேட்டுப் பழக வேண்டிய குரல் அது.

உறுதி மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்ஜென்டினாவின் தலைநகருக்கு அருகே வெற்று நிலத்தில் குடியேறிய ஏழைகளில் ஒரு பகுதியினருக்கு, 1984இன் சட்டத்தால் உறுதி கிடைத்தது. அண்டை வீட்டாரில் பலருக்கு வழக்கு இழுபட்டதால் கிடைக்கவில்லை. பல ஆண்டு கழித்து ஒப்பிட்டார்கள். உறுதி பெற்றவர்கள் வீட்டை நன்றாகக் கட்டினார்கள். பிள்ளைகளைக் கூடுதலாகப் படிக்க வைத்தார்கள். ஆனால் வங்கிக் கடனும் வருமானமும் பெரிதாக உயரவில்லை. உறுதி ஒரு குடும்பத்துக்குத் துணிவைக் கொடுக்கும். சோற்றைக் கொடுக்க விளையும் நிலம் வேண்டும். அதனால்தான் வீட்டு மனையோடு பயிர் நிலத்தையும் சேர்த்துக் கேட்கிறேன்.

நிலம் எங்கே கொடுக்கப்படுகிறது என்பது உயிர்க் கேள்வியும் ஆகும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. அங்கே ஆபத்து உண்டு என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. போகச் சொன்னார்கள், போவதற்கு இடம் சொல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாடெங்கும் சரிவுகளைக் கொண்டுவந்தபோதும் அதே கேள்விதான் திரும்பி வந்தது. கிராமத்தில் வீடிழந்தவருக்குக் காட்டச் சொந்தக் காணியின் உறுதி உண்டு. லயனிழந்தவர் நட்ட ஈட்டுப் படிவத்தில் எதை எழுதுவார்? பாதுகாப்பான நிலம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் இடம் தேயிலைக்கு நல்ல இடமாகவும் இருக்கலாம். அப்போது தேயிலைச் செடி விட்டுக்கொடுக்க வேண்டும்.

எனவே எங்கள் மக்களின் பெயரால் பேசும் எல்லாக் கட்சிகளிடமும் கோருவது இதுதான். தோட்டக் காணி அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். ஒவ்வொரு கம்பனியிலும் அரசின் கையில் சிறப்பு அதிகாரம் தரும் தங்கப் பங்கு இருக்கிறது. 2045 வரை காத்திருக்க எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. குத்தகையைத் திருத்தி, குடியிருப்புக்கும் பயிருக்குமான நிலத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் அளந்து ஒரே தடவையில் விடுவிக்க வேண்டும். குடும்பத்துக்குக் குறைந்தது இருபது பேர்ச் மனை, இருவர் பெயரிலும் பதிந்த உறுதி, வேலையில் இருக்கிறாரா என்று கேட்காத உரிமை. கைவிடப்பட்ட மலைகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலில் பகிர்ந்து, சிறு தேயிலைத் தோட்ட உடைமையாளருக்கு உள்ள மானியமும் ஆலோசனையும் அவர்களுக்கும் தர வேண்டும். பயனாளியைச் சங்கச் சந்தாவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நிற்க வேண்டும். பிரதேச செயலகத்தில் பகிரங்கமாகப் பட்டியல் ஒட்டப்பட வேண்டும்.

1972இன் நிலச் சீர்திருத்தம் மலையகத்தில் எஜமானை மாற்றியது. 1992 அவரை இன்னொரு முறை மாற்றியது. அந்தச் சீர்திருத்தத்தின் மீதிப் பாதி, உழைத்தவர் கையில் நிலத்தைச் சேர்ப்பது, அரை நூற்றாண்டாகக் கிடப்பில் இருக்கிறது. அதைச் செய்து முடிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். அந்தச் சட்டம் இல்லாமல் கட்டப்படும் ஒவ்வொரு வீடும், நல்ல கூரையும் நல்ல சுவரும் இருந்தாலும், இன்னொருவரின் நிலத்தில் நிற்கும் வீடுதான்.